ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு

முன்னுரை

உலை கொதிக்கும்போது நம் அன்னையர் அகப்பையால் ஒருமுறை துழாவிவிட்டு, ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். சோறு வெந்துவிட்டதா, இன்னும் ஒரு கொதி வேண்டுமா என்பது அந்த ஒரு பருக்கையிலேயே தெரிந்துவிடுகிறது. பானை முழுவதையும் தின்று பார்த்துத்தான் பதம் சொல்ல வேண்டும் என்று எந்தத் தாயும் நினைப்பதில்லை.

சில மாதங்களுக்கு முன் சமூக அறிவியல் வகுப்பில் எங்களுள் ஒருத்தி எழுந்து, “டீச்சர், அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் செல்வாக்கு இத்தனை விழுக்காடு குறைந்தது என்று செய்தித்தாளில் போடுகிறார்களே, அதை யார் அளக்கிறார்கள்? எந்தத் தராசில் அளக்கிறார்கள்?” என்று கேட்டாள். ஆசிரியை சிரித்துக்கொண்டே, “நல்ல கேள்வி. நீங்களே தேடிப் படித்து எழுதிக் கொண்டு வாருங்கள்” என்றார்கள். அவ்வாறு தேடியதில் நாங்கள் கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம். அமெரிக்காவில் தொடங்கிய எங்கள் தேடல் நம் ஊரிலும், கடைசியில் எங்கள் வீட்டு அடுக்களையிலும் வந்து நின்றது என்பதுதான் வியப்பு.

தலைவருக்கு ஒரு ரேங்க் கார்டு

நமக்குத் தேர்வுக்குத் தேர்வு ரேங்க் கார்டு வருவதுபோல, அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதற்கான கேள்வி மிக எளியது. ‘தலைவர் தம் பணியைச் செய்யும் முறையை நீங்கள் ஏற்கிறீர்களா, ஏற்கவில்லையா?’ என்பதே அது. ஏற்கிறேன், ஏற்கவில்லை, கருத்தில்லை என்று பதில்கள் மூவகைப்படும். நூற்றுக்கு எத்தனை பேர் ஏற்கிறார்கள் என்பதே அவர் பெறும் மதிப்பெண்.

இம்முறையைப் பரப்பியவர் ஜார்ஜ் காலப் என்பவர். இவர் 1935-ஆம் ஆண்டு ‘அமெரிக்கப் பொதுக் கருத்து நிறுவனம்’ என்பதைத் தொடங்கினார். பின்னர் வேறு பல நிறுவனங்களும் செய்தித்தாள்களும் இதே வகைக் கேள்வியைக் கேட்கலாயின.

இதற்கு அங்கே இத்தனை மதிப்பு ஏன்? நம் நாட்டில் பிரதமர் மக்களவையின் நம்பிக்கையை இழந்தால் பதவி விலக வேண்டும். அமெரிக்கத் தலைவரோ நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அவரை இறக்க முடியாது. எனவே இடைப்பட்ட காலத்தில் மக்கள் மனம் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் காய்ச்சல்மானியாக இந்த எண் பயன்படுகிறது.

காய்ச்சல்மானி ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். காலப் நிறுவனக் கணிப்பில் ஹாரி ட்ரூமன் 1945-இல் 87 விழுக்காடு பெற்றார். 1952-இல் 22 விழுக்காட்டுக்கு இறங்கினார். ரிச்சர்ட் நிக்சன் 1974 ஆகஸ்டில் பதவி விலகும் தறுவாயில் பெற்றது 24 விழுக்காடே. இளைய ஜார்ஜ் புஷ் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் 90 விழுக்காட்டைத் தொட்டார். அவரே 2008-இல் 25 விழுக்காட்டில் நின்றார். ஒரே மனிதர், ஒரே நாற்காலி. மதிப்பெண் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்!

கிரிவலப் பாதையில் கேட்டால்?

எத்தனை பேரைக் கேட்டால் போதும்? நிறையப் பேரைக் கேட்டால் விடை சரியாக வரும் என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம். அது தவறு என்பதை 1936-ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகிறது.

அவ்வாண்டுத் தேர்தலில் ரூஸ்வெல்ட்டும் லாண்டனும் போட்டியிட்டனர். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் புகழ்பெற்ற வார இதழ் சுமார் 1 கோடி பேருக்கு அஞ்சலில் சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பதில்கள் வந்தன. லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. நடந்தது என்ன? மொத்தம் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார்! காலப் ஏறத்தாழ 50,000 பேரை மட்டுமே கேட்டு, ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

இதழ் தவறியது ஏன்? தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும், கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் அது முகவரிகளைப் பெருமளவில் எடுத்திருந்தது. வறுமை வாட்டிய அந்நாளில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். ஏழைகளின் பெயர் அந்தப் பட்டியலில் குறைவு. சீட்டு பெற்றவர்களிலும் பெரும்பாலோர் பதில் அனுப்பவில்லை.

இதை நம் ஊருக்கு ஏற்றபடி சொல்லிப் பார்ப்போம். பௌர்ணமி இரவில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நின்றுகொண்டு, நடந்து செல்லும் ஆயிரமாயிரம் பேரை, “திருவண்ணாமலையில் குடிநீர் ஒழுங்காக வருகிறதா?” என்று கேட்டால் என்ன ஆகும்? அவர்களில் பலர் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்தவர்கள். கையில் தண்ணீர்ப் புட்டியோடு நடப்பவர்கள். “நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் ஏறிவிடுவார்கள். நம் ஊர்க் குழாயடியில் குடத்தோடு நிற்பவரோ அந்த நேரத்தில் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பார். ஓர் இலட்சம் பேரைக் கேட்டாலும் அது நம் ஊரின் கருத்தாகுமா?

மாறாக, ஊர் மக்கள் அனைவரிலிருந்தும் சரியான முறையில் சுமார் 1,000 பேரைத் தேர்ந்து கேட்டால், வரும் விடை பெரும்பாலும் 3 விழுக்காடு கூடக் குறைய உண்மைக்கு அருகில் இருக்கும் என்கிறது கணிதம். பானை பெரிதானாலும் சிறிதானாலும் பதம் பார்க்கப் பருக்கை போதும்; ஆனால் முதலில் துழாவிவிட வேண்டும்.

குடமும் சிறுவனும்

‘சரியான முறை’ என்பது எது? 1948-இல் காலப்பும் தவறினார். டூயி வெல்வார் என்றார், வென்றவர் ட்ரூமன். தேர்தலுக்குச் சில நாள் முன்பே கேட்பதை நிறுத்திவிட்டது ஒரு பிழை. இத்தனை ஆண், இத்தனை பெண், இத்தனை ஏழை என்று எண்ணிக்கையை மட்டும் வகுத்துவிட்டு, எந்த ஆளைக் கேட்பது என்பதைக் கேட்பவரின் விருப்பத்துக்கே விட்டது இன்னொரு பிழை. கேட்பவர் தமக்கு எளிதாய்க் கிடைப்பவரிடம்தானே போவார்? அதற்குப்பின், விருப்பு வெறுப்பு இல்லாமல் குலுக்கல்போல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை வலுப்பெற்றது.

இதைப் படித்தபோது எங்களுக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். குழந்தையின் கைக்குப் பெரியவர், சிறியவர் தெரியாது. குலுக்கலின் நேர்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்றன்றோ!

ஆனால் தோழியரே, அதே கல்வெட்டை இன்னொரு முறை படிக்க வேண்டும். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய, 35 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. நிலமில்லா உழவர் பெயர் அங்கில்லை. நம் போன்ற பெண்களுக்கும் அங்கு இடமில்லை. சிறுவனின் கை எவ்வளவு நேர்மையாக இருந்தால் என்ன? குடத்தில் இடாத பெயர் குடத்திலிருந்து வராது. கருத்துக் கணிப்பைப் பற்றி நாங்கள் கற்ற முதன்மையான பாடம் இதுவே.

நம் ஊர் சொன்ன பதில்

கணிப்பு நிறுவனங்கள் பெருகாத காலத்தில் நம் மாநிலத் தலைவர்கள் மக்கள் மனத்தை எப்படி அறிந்தார்கள்? பொதுக்கூட்டத்தில் கூடிய கூட்டத்தாலும், இடைத்தேர்தல் முடிவுகளாலும் அறிந்தார்கள். அத்தகைய இடைத்தேர்தல் ஒன்று 1963-ஆம் ஆண்டு நம் திருவண்ணாமலையிலேயே நடந்தது.

அப்போது காமராசர் முதலமைச்சர். அவர் 1954 முதல் அப்பதவியில் இருந்தார். ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தவர் என்று இன்றும் போற்றப்படுபவர். அவருடைய கட்சி 1962-இல் வென்றிருந்த இத்தொகுதியில், 1963 இடைத்தேர்தலில் தி.மு.க.வின் ப.உ.சண்முகம் வெற்றி பெற்றார். இதற்குப் பின், அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் காமராசர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிக் கட்சிப் பணிக்குச் சென்றார். பதவியிலிருப்போர் விலகி மக்களிடையே பணியாற்ற வேண்டும் என்ற அவருடைய திட்டமே ‘காமராசர் திட்டம்’ என வழங்கப்பட்டது.

1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டமும், அதையொட்டி அரிசித் தட்டுப்பாடும் வந்தன. 1967 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது; அறிஞர் அண்ணா முதல்வரானார். விருதுநகரில் காமராசரே 1,285 வாக்குகளில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார்.

1963-இல் நம் ஊர் சொன்னதுதான் 1967-ஐ முடிவு செய்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு பருக்கை சில சமயம் ஏமாற்றவும் கூடும். ஆயினும் மாநிலத்தின் மனம் மாறத் தொடங்கியதற்கான ஓர் அறிகுறி நம் ஊரில் தென்பட்டது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

மௌனம் சம்மதமா?

இந்தியாவில் கருத்துக் கணிப்புக்கு வித்திட்டவர் எரிக் டா கோஸ்டா. இவர் 1950-களில் டில்லியில் இந்தியப் பொதுக் கருத்து நிறுவனத்தை நிறுவினார். பின்னர் 1963-இல் ரஜனி கோத்தாரி தொடங்கிய வளரும் சமூகங்கள் ஆய்வு மையம், 1967 முதல் தேர்தல் ஆய்வுகளை நடத்தியது. இன்று தொலைக்காட்சியைத் திறந்தால் கணிப்புகள் கொட்டுகின்றன. அவை பலமுறை தவறியும் உள்ளன. 2004-இல் ஆளும் கூட்டணியே முன்னணியில் வரும் என்று பெரும்பாலான கணிப்புகள் கூற, ஆட்சி மாறியது. 2024-இல் ஆளும் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பல கணிப்புகள் கூற, கிடைத்தது 293. வாக்களித்து வெளிவருவோரிடம் கேட்டறிந்த முடிவுகளை, கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடியும் முன் வெளியிடுவது சட்டப்படி குற்றம்; இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். பிறர் எப்படி வாக்களித்தனர் என்று கேட்டு நம் மனம் மாறிவிடக் கூடாதல்லவா?

கணிப்பு தவறுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அது மக்கள் பேச அஞ்சுவது. 1975 ஜூன் 25-ஆம் நாள் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கை செய்யப்பட்டன. நாடு அமைதியாக இருந்தது போலத் தோன்றியது. 1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடியின் மறைப்புக்குப் பின்னே மக்கள் பேசினார்கள். உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களில் ஒன்றுகூட ஆளும் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. பிரதமர் இந்திரா காந்தியே ரேபரேலியில் 55,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அவரது கூட்டணி 39-இல் 34 இடங்களை வென்றது என்பதையும் மறக்கலாகாது. நாடு ஒன்றாயினும் மனம் ஒன்றல்ல. ஓரிடத்துப் பருக்கையைக் கொண்டு இன்னோர் இடத்துப் பானைக்குப் பதம் சொல்ல முடியாது.

காதுக்கு இனிக்காத பேச்சையும் பொறுமையோடு கேட்கும் அரசனின் ஆட்சியே நிலைக்கும் என்னும் கருத்தை வள்ளுவர் ‘இறைமாட்சி’ அதிகாரத்தில் வைத்துள்ளார். கேட்பவர் பொறுத்தால்தான் சொல்பவர் உண்மை சொல்வார்.

எங்கள் இரண்டு சோதனைகள்

படித்ததோடு நிற்காமல் நாங்களும் சோதித்துப் பார்த்தோம். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு எல்லோருக்கும் ஏற்றதாக இருக்கிறதா என்பதே கேள்வி. வகுப்பாசிரியை சிஸ்டர் முன்னிலையில் கை தூக்கச் சொன்னோம். ஏறக்குறைய வகுப்பே கை தூக்கியது! பிறகு பெயர் எழுதாத சீட்டில் எழுதச் சொன்னோம். பாதிக்கு மேற்பட்ட சீட்டுகளில் ‘இல்லை’ என்று இருந்தது. கிராமங்களிலிருந்து வரும் தோழியர், மாலைப் பேருந்தைத் தவறவிட்டு இருட்டிய பின் வீடு சேர்வதாக எழுதியிருந்தனர். கை தூக்கியவர்களில் அவர்களும் இருந்தார்கள் என்பதை எண்ணி நாங்கள் வெட்கப்பட்டோம். சிஸ்டர் சீட்டுகளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கரும்பலகையில் நேரத்தை மாற்றி எழுதினார்கள்.

இரண்டாவது சோதனை எங்கள் தெருக்களில். வீட்டு எண்களைச் சீட்டில் எழுதி எவர்சில்வர் குடத்தில் போட்டு, எங்களுள் ஒருத்தியின் தம்பியை எடுக்கச் சொன்னோம். வந்த எண்களுக்குரிய வீடுகளுக்குச் சென்று தண்ணீர் பற்றிக் கேட்டோம். கதவைத் திறந்த அம்மாக்களில் பலர், “ஐயா வரட்டும், அவரைக் கேட்டுக்கோங்கம்மா” என்றனர். ஒரு வீட்டில் நாற்காலியில் அமர்ந்திருந்த பெரியவர், “தண்ணி எல்லாம் சரியாத்தான் வருது, எழுதிக்கோங்க” என்றார். அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது: “விடிய நாலு மணிக்கு எழுந்து பிடிக்கிறது நானு. உங்களுக்கு எப்படித் தெரியும்?” பெரியவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அவளையே கேளுங்க” என்றார். இன்னொரு வீட்டில் ஒரு பாட்டி எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து, “இத்தனை வயசுக்கு என்னை யாரும் ஒண்ணும் கேட்டதில்லை கண்ணு” என்று சொல்லி, கேட்டதற்கும் கேளாததற்கும் சேர்த்துப் பதில் தந்தார்.

நாங்கள் குடத்தில் எல்லா வீட்டையும் இட்டிருந்தோம். ஆனால் வீட்டுக்குள்ளே யாரைக் கேட்பது என்பதை எண்ணவில்லை! தண்ணீர் சுமப்பவர் ஒருவர், பதில் சொல்பவர் மற்றொருவர் என்றால் அந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்?

கூட்டமும் மனச்சான்றும்

அப்படியானால் பெரும்பாலோர் சொல்வதெல்லாம் நியாயம் ஆகிவிடுமா? இல்லை. குருத்து ஞாயிறன்று ஓசன்னா பாடி ஆண்டவரை வரவேற்ற அதே எருசலேம் நகரில், ஐந்தே நாட்களில் அவரைச் சிலுவையில் அறையும்படி கூக்குரல் எழுந்தது. பிலாத்து கூட்டத்தின் கருத்தைக் கேட்டான். அவரிடம் குற்றமில்லை என்று தன் மனத்துக்குத் தெரிந்தும் கைகழுவிக்கொண்டான். கேட்டது தவறன்று. மனச்சான்றைக் கூட்டத்திடம் ஒப்படைத்ததே தவறு. மறுபுறம், 22 விழுக்காட்டுக்கு இறங்கிய ட்ரூமனை இன்று வரலாற்று அறிஞர் பலர் சிறந்த தலைவர்களுள் ஒருவராக மதிக்கின்றனர். ஆகவே மதிப்பெண் என்பது மக்கள் மனத்தின் நிலையைச் சொல்லும். ஒரு செயல் அறமா என்பதைச் சொல்லாது. நல்ல தலைவர் எண்ணைக் கேட்பார், அதன் காரணத்தை ஆராய்வார், பின் மனச்சான்றின்படி நடப்பார்.

முடிவுரை

அன்புத் தோழியரே! இனி எங்கேனும் ‘இத்தனை விழுக்காடு மக்கள் ஏற்கிறார்கள்’ என்று படித்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாரைக் கேட்டார்கள்? எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? பதில் சொன்னவர் அச்சமின்றிச் சொன்னாரா?

இன்னும் மூன்று ஆண்டுகளில் நமக்கு 18 வயது ஆகும். வாக்காளர் பட்டியல் என்னும் குடத்தில் நம் பெயரும் விழும். 2019 மக்களவைத் தேர்தலில், நாட்டில் வாக்களித்த பெண்களின் விழுக்காடு ஆண்களுடையதைவிடச் சற்றே கூடுதலாக இருந்தது. உத்திரமேரூர்க் குடத்தில் இல்லாத பெயர் இன்று உள்ளே வந்துவிட்டது. ஆனால் பெயர் மட்டும் குடத்தில் இருந்து, பதிலை மற்றவர் சொல்வதானால் என்ன பயன்? கதவைத் தட்டி ஒருவர் கருத்துக் கேட்டால், ‘அப்பா வரட்டும்’ என்று சொல்லும் வழக்கத்தை நாம் இன்றே விட வேண்டும். வகுப்பில், வீட்டில், தெருவில் நம் எண்ணத்தைப் பணிவோடும் தெளிவோடும் சொல்லப் பழகுவோம். நம் அன்னையரையும் கேட்போம். அடுக்களையிலிருந்து எழுந்த அந்தக் குரலும் சேர்ந்தால்தான் அது ஊரின் கருத்து.

— பத்தாம் வகுப்பு, ‘அ’ பிரிவு